உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும்

என் அக்காவின் மகன் போன கிழமை பாண்டிருப்பிலிருந்து அழைத்தான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும் வரை வீட்டில் இருக்கிறான். கல்முனையில் யாரோ விற்ற பழைய மடிக்கணினி ஒன்றை அவன் அப்பா வாங்கிக் கொடுத்திருக்கிறார். நினைவகம் நான்கு ஜீபி. தனியாக கிராபிக்ஸ் அட்டை கிடையாது. "மாமா, நண்பர்கள் விளையாடுவது எதுவும் இதில் ஓடாது. ஓடுகிற ஒன்றிரண்டிலும் நான் யோசித்து முடிப்பதற்குள் செத்துப்போகிறேன். ஆறுதலாக யோசித்து விளையாடுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டான்.

இருபது ஆண்டுகளாக நான் விளையாடி வருவது அந்த மாதிரி மட்டும்தான். சொல்லத் தொடங்கியவன், அவனுடைய அம்மா சாப்பிட வரச் சொல்லி மூன்றாம் முறை கூப்பிட்ட பிறகுதான் நிறுத்தினேன். அன்று சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அவனைப் போலப் பழைய கணினியோடும் பொறுமையான மனதோடும் இன்னும் பலர் இருப்பார்கள்.

முறைவழி விளையாட்டில் முதலில் நீங்கள் உங்கள் ஆட்களை நகர்த்துவீர்கள். முடிந்தது என்று சொன்ன பிறகுதான் எதிரி அசைவான். இப்படி மாறி மாறி வருவதுதான் முறை. சதுரங்கமும் ஆடு புலி ஆட்டமும் இந்த இனம்தான். இடையில் எழுந்து போய்த் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வரலாம். ஓங்கிய வாளோடு எதிரி அப்படியே நிற்பான். ஆனால் சதுரங்கக் காய்க்குப் பெயர் கிடையாது. நேற்றைய ஆட்டத்தின் தழும்பு அதன் உடம்பில் இருப்பதில்லை. நான் சொல்லப்போகும் விளையாட்டுகளில் காய்க்குப் பெயர் உண்டு. சண்டைக்குச் சண்டை அது தேறும். பலவற்றில், செத்தால் போனது போனதுதான்.

இவற்றை நான் எடைபோடும் விதம் கூத்துக் களரியிலிருந்து வந்தது. சின்ன வயதில் மட்டக்களப்பு வாவிக்கு அப்பால் படுவான்கரையில் அம்மப்பாவின் ஊருக்குப் போய் வடமோடிக் கூத்துப் பார்ப்போம். விடிய விடிய நடக்கும். களரியைச் சுற்றி மணலில் பாய் விரித்துப் பிள்ளைகள் தூங்கிக் கிடப்போம். அபிமன்னன் சக்கரவியூகத்துக்குள் நுழையும் இடம் வந்தால் மட்டும் அம்மப்பா தட்டி எழுப்பிவிடுவார். கரப்புடுப்பு என்ற விரிந்த கூத்து உடை கட்டிய இளைஞர் ஒருவர் மத்தள அடிக்குச் சுழன்று சுழன்று உள்ளே போவார். ஒவ்வொரு சுற்றிலும் வட்டம் சிறுத்துக்கொண்டே வரும். முகத்துப் பூச்சு வியர்வையில் கோடு கோடாக இறங்கியிருக்கும். "உள்ளே போகத் தெரிந்த பிள்ளை, வெளியே வரத் தெரியாத பிள்ளை" என்று அம்மப்பா மெல்லச் சொல்வார். தாயின் வயிற்றில் இருந்தபோது அவன் காதில் விழுந்தது பாதிப் பாடம்தான். துணைக்கு வந்த பாண்டவரைச் சயத்திரதன் வாசலிலேயே மறித்துவிட்டான்.

என் மருமகனுக்கு இந்தக் கதையை நான் சொல்லத் தேவையில்லை. அவன் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் தீமிதிப்புக்கு முன்னால் பதினெட்டு நாளும் பாரதக் கதைதான். அவனிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்று: ஒரு விளையாட்டு உன்னை எப்படி உள்ளே விடுகிறது என்று பார்க்காதே, பின்வாங்குவதை அது எப்படி நடத்துகிறது என்று பார். பின்வாங்குவதை ஒரு திறமையாக மதிக்கும் விளையாட்டுகள் பல ஆண்டுகள் கூட வருகின்றன. வென்றால் அடுத்த கட்டம், தோற்றால் திரும்பத் தொடங்கு என்று மட்டும் வைத்திருப்பவை ஒரு மாதத்தில் சலித்துவிடுகின்றன.

முதலில் 'பேட்டில் ஃபார் வெஸ்நாத்'. டேவிட் வைட் என்பவர் தொடங்கி 2003இல் வெளியிட்டது. பிறகு உலகெங்கும் இருந்து தன்னார்வலர்கள் சேர்ந்து இன்றுவரை வளர்த்து வருகிறார்கள். முற்றிலும் இலவசம். மென்பொருளின் மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. அவனுடைய கணினி இதற்குத் தாராளம்.

அறுகோணக் கட்டங்களால் ஆன வரைபடத்தில் காடு, மலை, ஆறு, சதுப்பு, ஊர்கள். யார் எங்கே நிற்கிறார் என்பதே பாதிச் சண்டை. வாவிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு தனிச் சந்தோசம் இருக்கிறது. மீன்மக்கள் என்று ஓர் இனம் உண்டு; தண்ணீரில் நின்றால் எதிரி ஓங்கும் அடிகளில் நூற்றுக்கு அறுபது தவறும். தரையேறினாலோ தடுமாறுவார்கள். மட்டக்களப்பின் அடையாளமே மீன்மகள்தான். அவளை ஆற்றுத் துறையில் காவலுக்கு நிறுத்தி, நீந்தத் தெரியாத பெரும்படையை மறித்து வைத்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் வெஸ்நாத்தின் உயிர் அதன் பொழுதில் இருக்கிறது. ஆறு முறைக்கு ஒரு நாள்: விடியல், காலை, பிற்பகல், அந்தி, பிறகு இரவின் இரண்டு சாமங்கள். மனிதப் படைகளில் பலவும் பகலில் கால் பங்கு கூடுதலாக அடிக்கும், இரவில் கால் பங்கு குறைவாக. ஓர்க்குகள் என்ற அரக்க இனத்தவரும் எலும்புக்கூட்டுப் படைகளும் இதற்கு நேர்மாறு. பிற்பகலில் உங்கள் குதிரைவீரர் எதிரியை விரட்டிக்கொண்டு போகிறார். இன்னும் இரண்டு அடி, தலைவனே விழுந்துவிடுவான் போலிருக்கும். திரையின் மேல்மூலையில் சூரியன் சாய்ந்திருக்கும். இந்த இடத்தில்தான் எல்லோரும் முதல் தடவை படையை இழக்கிறார்கள். அந்தி வந்துவிடும். நீங்கள் துரத்திப் போன ஆள் திரும்பி நிற்பான், அவனுக்குப் பின்னாலிருந்து இன்னும் நான்கு பேர் வருவார்கள். திரும்பி வரவும் முடியாது. எதிரியின் பக்கத்துக் கட்டத்தில் கால் வைத்தால் அதற்கு மேல் அந்த முறை நகர விடமாட்டார்கள். பிற்பகலிலேயே மனதை அடக்கி ஊர்களுக்குத் திரும்பியிருந்தால், இரவை அங்கே தங்கிக் காயத்தை ஆற்றிக் கழித்திருக்கலாம். விடிந்ததும் நிலைமை தலைகீழாகியிருக்கும்.

இன்னொன்று: ஒவ்வொரு முறைக்கும் அது தானாகவே சேமித்துக்கொள்ளும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்ற காலத்தில் என்னிடம் இருந்த மேசைக் கணினிக்கு மின்கலச் சேமிப்பான் எதுவும் இல்லை. விளக்கு அணைந்தால் திரையும் அணையும். வெஸ்நாத்தில் நான் இழந்தது அதிகபட்சம் ஒரு முறை. மீதி நேரம் இருட்டில் விறாந்தையில் இருந்து, அடுத்த நகர்வு என்ன என்று யோசித்துக்கொண்டிருப்பேன். மின்சாரம் வரும்போது முடிவு தயாராக இருக்கும்.

பழையவற்றில் இரண்டைக் கட்டாயம் பார்க்கச் சொன்னேன். 1997இல் வந்த 'ஃபால்அவுட்' அணுப்போருக்குப் பிந்திய பாலைவனத்தில் நடக்கிறது. நிலத்தடிக் குடியிருப்பு ஒன்றின் நீர்ச் சுத்திகரிப்புச் சில்லு பழுதாகிவிட்டது; 150 நாட்களுக்குள் புதியதைத் தேடிக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு சண்டையிலும் நடப்பதற்கும் சுடுவதற்கும் ஒரே புள்ளிக் கணக்கில் இருந்துதான் செலவு. நிலைமை கைமீறினால் வரைபடத்தின் எல்லைக் கட்டம் வரை ஓடித் தப்பலாம். 1999இல் வந்த 'ஜாக்ட் அலையன்ஸ் 2' கூலிப்படையினரை நாள் கணக்கிலும் கிழமை கணக்கிலும் ஒப்பந்தம் செய்து, ஒரு கொடுங்கோல் அரசியிடமிருந்து ஒரு நாட்டை நகரம் நகரமாக மீட்பது. கூலிக்காரர் ஒவ்வொருவருக்கும் குணம் உண்டு. ஒருவர் இருக்கும் படையில் சேர மாட்டேன் என்று இன்னொருவர் மறுப்பார். சண்டைக்கு நிகராக மனிதரைச் சமாளிப்பதும் அதில் வேலை. இரண்டுமே அவனுடைய கணினிக்கு இலகு. படங்கள் பழையவை என்று யாரும் விலகிப் போக வேண்டாம். பத்து நிமிடத்தில் கண் பழகிவிடும்.

அடுத்து 'எக்ஸ்காம்'. இதைப் பற்றி எழுதக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது.

1994இல் ஜூலியன் கோலப் உருவாக்கிய மூல விளையாட்டை ஃபிராக்ஸிஸ் நிறுவனம் 2012இல் புதிதாகச் செய்தது. வேற்றுக்கோளத்தார் பூமிக்கு வருகிறார்கள். நான்கு முதல் ஆறு பேர் கொண்ட சிறு படையை நீங்கள் நடத்துகிறீர்கள். வீரர்களுக்கு நாமே பெயர் வைக்கலாம். முதல் நாள் நான் என் வகுப்புத் தோழர்களின் பெயர்களை வைத்தேன். மூன்றாம் சண்டையில் இருவர் விழுந்தார்கள். முகாமுக்குத் திரும்பினால் அங்கே ஒரு நினைவுச் சுவர். அதில் அந்தப் பெயர்கள் ஏறியிருந்தன. நாங்கள் வளர்ந்த காலத்தில் இந்த ஊரில் பெயர்கள் ஏறிய சுவர்களைப் பார்த்தவன் நான். அன்றே அந்த விளையாட்டை அழித்துவிட்டு, கணினி தரும் அறிமுகமில்லாத பெயர்களோடு மறுபடி தொடங்கினேன்.

அன்றிரவே அம்மா கதவருகே வந்து நின்றார். "மகன், துவக்குச் சத்தம் வேண்டாம்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு கல்லடி வீட்டில் இந்த விளையாட்டு ஒலியில்லாமல்தான் ஓடுகிறது. ஒலியில்லாமலும் அது முழுமையாகவே இருக்கிறது. முறைவழி விளையாட்டுக்குக் காது தேவையில்லை என்பதை அம்மாவால் தெரிந்துகொண்டேன். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் நீயும் ஒலியை நிறுத்திவிடு என்று மருமகனிடமும் சொன்னேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை.

எக்ஸ்காமில் கற்க வேண்டிய முதல் பாடம் எளிது, கற்கத்தான் நாளாகும். உங்கள் முறையின் கடைசி ஆளை முன்னால் அனுப்பாதீர்கள். எதிரிகள் கூட்டம் கூட்டமாக இருட்டில் இருப்பார்கள். உங்கள் ஆள் ஒருவர் பார்த்தால்தான் ஒரு கூட்டம் விழிக்கும். முதல் ஆள் போய்ப் பார்த்தால் மற்றவர்கள் உதவிக்கு மிச்சம் இருப்பார்கள். கடைசி ஆள் போய்ப் பார்த்தால் யாரும் மிச்சமில்லை, அடுத்த முறை எதிரியுடையது. அபிமன்னன் போனது அப்படித்தான்.

அடுத்தது சதவீதக் கணக்கு. சுடுமுன் 85% என்று திரை காட்டும். 85 என்றால் நிச்சயம் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. நான்கு தடவை 85 சதவீதத்தில் சுட்டால் நான்கும் படுவதற்கான வாய்ப்பு 52 சதவீதம்தான். இதைத் தாளில் பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். கணிதப் பிரிவுப் பிள்ளை. பெருக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப அழைத்தான். நான்கும் பட்டால்தான் பிழைப்போம் என்கிற இடத்தில் போய் நிற்பதுதான் தவறு. அங்கே சுட்டது தவறியதற்குத் துவக்கைக் குறை சொல்ல முடியாது. 2016இல் வந்த இரண்டாம் பாகத்தில் மயங்கி விழுந்த தோழரைத் தோளில் தூக்கிக்கொண்டு மீட்பு விமானத்துக்கு ஓடலாம். அப்படி ஐந்து பேரைத் தூக்கியும் இழுத்தும் கொண்டுவந்து சேர்த்த ஒரு தோல்வி, நான் வென்ற எந்தச் சண்டையையும் விட எனக்குப் பெரிது. ஆனால் இரண்டாம் பாகம் நான்கு ஜீபிக் கணினிக்குப் பாரம். முதலாவதைக் குறைந்த தரத்தில் முயன்று பார்க்கலாம். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கி 14 நாட்களுக்குள், விளையாடியது இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பழைய கணினிக்காரர்கள் இந்த வசதியைத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும்.

சதவீதமே பிடிக்காதவர்களுக்கு 2018இல் வந்த 'இன்டு த பிரீச்'. எட்டுக்கு எட்டுக் கட்டம், மூன்று இயந்திரங்கள். எதிரி அடுத்து எந்தக் கட்டத்தை அடிக்கப் போகிறான் என்பதை முன்கூட்டியே காட்டிவிடுவான். அவனைக் கொல்வதை விட, ஒரு கட்டம் தள்ளிவிட்டு அவன் அடி அவனுடைய கூட்டாளி மேலேயே விழும்படி செய்வது நல்லது. பாத்திர வளர்ச்சி மெலிதுதான், ஆனாலும் பட்டியலில் விட மனமில்லை. எல்லாம் தோற்றுப்போனாலும் ஒரே ஒரு இயந்திர ஓட்டியை மட்டும் வேறொரு காலக்கோட்டுக்கு அனுப்பிவைக்கலாம். யாரை அனுப்புவது என்று திரைக்கு முன்னால் கால் மணி நேரம் இருந்திருக்கிறேன்.

இந்தப் பட்டியலிலேயே கடினமானது 'பேட்டில் பிரதர்ஸ்', 2017. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஒரு சிறு குழு செய்தது. ஆட்களுக்குக் கால்கூட வரைந்திருக்க மாட்டார்கள். மரப்பலகையில் வைத்த மார்பளவுச் சிலைகள் போல இருப்பார்கள். கூலிப்படை ஒன்றை நடத்துகிறீர்கள். நாளுக்கு நாள் கூலி, சாப்பாடு, ஆயுதம் திருத்தச் சாமான் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். ஊர் ஊராகப் போய் ஆள் சேர்க்கலாம்: விவசாயி, கொத்தன், திருடன், துறவி, மீனவர். ஒவ்வொருவருக்கும் ஒரு பத்திக் கதை. நான் எடுத்த முதல் மீனவர் மலிவான கூலிக்கு வந்தவர். கையில் ஈட்டி கொடுத்தேன். பழக்கமில்லாதவர் கையிலும் ஈட்டி சரியாகப் படும். முதல் மாதத்தில் ஒரு கண் போய்விட்டது. அதற்குப் பிறகு அவருக்குத் தூரத்துப் பார்வை குறைந்தது, ஆனாலும் அவரை நான் அனுப்பிவிடவில்லை. கேடயம் பிடித்து வரிசையின் நடுவில் நின்றார். நாற்பதாவது நாளோ என்னவோ, ஓர்க்குகள் முன்வரிசையை உடைத்தபோது விழுந்தார்.

அந்தச் சண்டையை நான் ஏற்றிருக்கவே கூடாது. இந்த விளையாட்டில் ஓடவும் விடுவார்கள், ஆனால் எதிரியோடு முட்டி நின்ற பிறகு விலகினால் அவன் முதுகில் ஓர் அடி அடிப்பான். மூன்று பேர் சூழ்ந்திருந்தால் மூன்று அடி. கனமான கவசம் போட்டவர் களைத்தும் போயிருப்பார். ஆகவே ஓடும் முடிவை அவர்கள் தொலைவில் தெரியும்போதே எடுக்க வேண்டும். கௌரவத்துக்காக ஒரு நிமிடம் பிந்தினால் அதன் விலை மனிதராகத்தான் போகும். இவ்வளவு கண்டிப்பான ஆசிரியர் எல்லோருக்கும் சரிவராது. வெஸ்நாத்தில் ஒரு நீண்ட கதைத்தொடரை முடித்த பிறகு இதைத் தொடும்படி மருமகனிடம் சொன்னேன்.

அவன் உண்மையில் கேட்க வந்தது 'பால்டர்ஸ் கேட் 3' பற்றி. எல்லோரும் கேட்பது அதைத்தான். 2023 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் வெளியிட்டது; இருபது முகப் பகடையை நம்பி ஓடும் பெரும் காவியம். அதைப் புகழ்ந்து சொல்ல எனக்கு வார்த்தை போதாது. ஆனால் அதற்கு 150 ஜீபி இடமும் நல்ல கிராபிக்ஸ் அட்டையும் தேவை. எங்கள் டேட்டா பொதிகளில் அதைத் தரவிறக்குவதே ஒரு மாத வேலை. அதே நிறுவனம் 2017இல் செய்த 'டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2' பாதிக்கும் குறைவான இடம் பிடிக்கும். கொஞ்சம் நல்ல கணினி கிடைக்கும்போது அதிலிருந்து தொடங்கச் சொன்னேன். சண்டைக் களமே அதில் ஓர் ஆயுதம். சிந்திய எண்ணெயில் நெருப்புப் பட்டால் தீப்பிடிக்கும், மழை பெய்ய வைத்தால் தீ அணையும், தேங்கிய நீரில் மின்னலை இறக்கினால் அதில் நிற்பவர் எல்லோரும் விறைத்துப்போவார்கள், உங்கள் ஆளும் சேர்த்துத்தான். நான்கு பேர் வரை சேர்ந்து விளையாடலாம். உரையாடல் எல்லாம் ஆங்கிலம், அதுவும் நிறைய. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால், ரியூசனில் கிடைக்காத ஆங்கிலம் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது அப்படித்தான்.

கடைசியாக ஒன்று. இது என் மனதுக்கு எல்லாவற்றிலும் நெருக்கமானது, அவனுடைய கணினியிலும் ஓடக்கூடியது. 'வைல்டர்மித்', 2021. கடதாசியில் வெட்டி நிறுத்திய உருவங்கள் போல ஆட்கள். தொடக்கத்தில் எல்லோரும் சாதாரண ஊர்க்காரர்கள், தோட்டம் கொத்துகிறவர்கள். கதை நகர நகர ஆண்டுகள் போகும். காதலிப்பார்கள், பிள்ளை பெறுவார்கள், தலை நரைக்கும். பெற்றவர் ஓய்வெடுத்த பிறகு பிள்ளை வாளெடுத்து வருவாள். மந்திரவாதிகள் தீயோடும் மரத்தோடும் வீட்டுச் சாமான்களோடும் மனதைப் பிணைத்து அவற்றை எதிரி மேல் எறிவார்கள். சண்டையில் ஒருவர் விழும்போது விளையாட்டு நிறுத்தி உங்களிடம் கேட்கும்: இவர் இங்கேயே போராடி மடியட்டுமா, அல்லது ஓர் உறுப்பை இழந்து தப்பிப் போகட்டுமா? வெளியே வரும் வழியை இவ்வளவு வெளிப்படையாகக் கையில் கொடுத்து, அதற்கு விலையையும் சொல்லும் விளையாட்டு வேறொன்றை நான் பார்க்கவில்லை.

நான் பெரும்பாலும் தப்பிப் போகட்டும் என்றே சொல்கிறேன். என் படையில் அப்படிப் பிழைத்த ஒருவன் மரக்காலோடு நடந்தான். ஓட்டம் குறைந்தது, ஆனால் அவனுக்கு இருந்த அனுபவம் யாருக்கும் இல்லை.

இதில் துவக்குச் சத்தம் கிடையாது. ஆகவே ஒலியோடு விளையாடுகிறேன். அம்மா இரவுச் சாப்பாடு முடிந்து வந்து, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருப்பார். ஆங்கிலம் தெரியாது, ஆட்களை முகத்தால் அடையாளம் வைத்திருக்கிறார். போன கிழமை கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அந்தக் கால் போனவன் எங்கே, காணவில்லை?"

"வயது போய்விட்டது அம்மா. ஓய்வு கொடுத்துவிட்டேன். வீட்டில் இருக்கிறான்."

"பிள்ளைகள் இருக்கிறார்களா?"

"ஒரு மகள். இதோ, வில்லோடு நிற்கிறாளே, இவள்தான்."

அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். "இவளை முன்னுக்கு விடாதே" என்றார். நான் அவளை இரண்டு கட்டம் பின்னால், மரத்தடிக்கு நகர்த்தினேன்.